தங்க ஆட்டுக்கடா போத்தல் வாங்குகிறவர்கள் கவனம்

ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டத்தின் 2000ஆம் ஆண்டு வைன். கறுத்தப் போத்தலில் தங்க நிற ஆட்டுக்கடா பொறித்த அந்த வைனை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்று வந்தால் காசை எடுத்து நீட்டாதீர்கள். பாரிசில் எங்களுக்கு அப்படி ஒன்றை விற்றார்கள். போத்தல் அசல், அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்ததுதான் வேறு.

நான் வேலை செய்யும் உணவகத்தின் பெரிய செஃப் ஓய்வுபெற்றார். 2000இல் அந்த உணவகத்தைத் திறந்தவரே அவர்தான். அடுப்படியில் நிற்கும் நாங்கள், அரைவாசிப் பேர் யாழ்ப்பாணத்து ஆக்கள், மிச்சப் பேர் மாலி, வங்காளதேசம் என்று பல இடம், எல்லோரும் காசு போட்டு அந்த ஆண்டின் பெரிய வைன் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவெடுத்தோம். நல்ல நிலையில் உள்ள மூத்தோன் 2000 ஆயிரம் யூரோவைத் தாண்டித்தான் போகும். அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் சாமான் இறக்கும் வேலை செய்யும் அண்ணை ஒருவர், "தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒரு பிரெஞ்சுக்காரன் பழைய வைன் வாங்கி விக்கிறவன், கேட்டுப் பாக்கட்டே?" என்றார். அண்ணையில் பிழை இல்லை. அவரையும் சேர்த்துத்தான் அந்த ஆள் ஏமாற்றினான்.

விலை 850 யூரோ. கடை இல்லை, ஒரு கராஜ். அட்டை எடுக்க மாட்டேன், காசாகத்தான் வேண்டும் என்றார் விற்றவர். எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, இறந்துபோன ஒரு மருத்துவரின் நிலவறையில் இருந்து வந்தது என்றார். (இந்த இறந்துபோன மருத்துவர் பழைய வைன் விற்கிறவர்களின் கதைகளில் அடிக்கடி வருவார். எத்தனை நிலவறை வைத்திருந்தாரோ.) கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு தந்தார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பொறிப்பு, எழுத்து, எடை எல்லாம் சரியாக இருந்தன. சரியாகத்தானே இருக்கும், போத்தல் அந்தத் தோட்டத்தில் இருந்து வந்ததுதானே.

ஏன் குறிப்பாக இந்தப் போத்தலைப் பிடிக்கிறார்கள் என்று விளங்க, அந்தத் தோட்டத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். போர்தோவுக்கு வடக்கே மெடொக் பகுதியில், போயாக் என்ற ஊரில் இருக்கிறது மூத்தோன். 1853இல் நத்தானியேல் த ரோத்ஷில்ட் அதை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து, போர்தோ வைன் தோட்டங்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையில் முதலாம் தரம் கிடைக்கவில்லை, இரண்டாம் தரத்தில் போட்டுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டமான லஃபீத் முதலாம் தரம். அந்த வயிற்றெரிச்சல் நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. அந்தக் குடும்பத்து பரோன் பிலிப் என்பவர் விடாமல் நின்று, 1973இல், ஜாக் சிராக் விவசாய அமைச்சராக இருந்தபோது, மூத்தோனை முதலாம் தரத்துக்கு ஏற்றுவித்தார்.

இந்த பிலிப் செய்த இன்னொரு வேலைதான் எங்கள் கதைக்கு முக்கியம். முன்பெல்லாம் தோட்டங்கள் வைனைப் பீப்பாயில்தான் போர்தோ வியாபாரிகளுக்குக் கொடுக்கும். போத்தலில் அடைப்பது அவர்கள் பொறுப்பு. நடுவில் என்ன கலந்தார்கள் என்று தோட்டக்காரருக்கே தெரியாது. 1924இல் பிலிப் தன் வைன் முழுவதையும் தோட்டத்திலேயே அடைக்கத் தொடங்கினார். போத்தலில் பெயர் இருந்தால் உள்ளேயும் அதுதான் என்பதற்குத் தோட்டமே பொறுப்பு. 1945 முதல் ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படம் லேபிளில் வந்தது. 1958இல் டாலி, 1970இல் ஷகால், 1973இல் பிக்காசோ, 1975இல் வார்ஹோல். அவர்களுக்குச் சம்பளம் காசில்லை, வைன் பெட்டிகள். 2000ஆம் ஆண்டு வைனுக்கு மட்டும் காகித லேபிளே இல்லை. தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆக்ஸ்பூர்க் நகரப் பொற்கொல்லர் செய்த ஆட்டுக்கடாக் கிண்ணத்தின் உருவத்தைக் கண்ணாடியிலேயே தங்க நிறத்தில் பதித்தார்கள்.

வடிவான போத்தல்தான். வினை அங்கேதான் தொடங்கியது. காகித லேபிள் கிழியும், கறை பிடிக்கும். இது குடித்து முடித்த பிறகும் புதிதுபோலவே நிற்கும். வெற்றுப் போத்தலையே அலங்காரத்துக்கென்று இணையத்தில் விற்கிறார்கள். அதில் மலிவான வைனை ஊற்றித் தக்கையை அடித்து, வாய்ப்பக்கத்தில் தகட்டு உறையைப் போட்டால் வேலை முடிந்தது. தலைமாற்றுப் பாஸ்போர்ட் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதே தொழில்: புத்தகம் அசல், ஆள் வேறு. கண்ணாடி கறுப்பு என்பதால் உள்ளே நிறத்தைப் பார்ப்பதும் லேசான காரியமில்லை.

பிரியாவிடை இரவில் எங்கள் சொமெலியே, அதாவது வைன் பொறுப்பாளர், போத்தலைத் திறந்தார். உறையை வெட்டும்போதே முகம் மாறியது. தகடு மிக மெல்லியது, பசை ஒட்டிய அடையாளம் தெரிந்தது. தக்கையை இழுத்தார். இருபத்தைந்து வருடத் தக்கை என்றால் அடிப்பக்கம் நன்றாகக் கறுத்து ஊறியிருக்கும், பக்கத்தில் ஷாத்தோவின் பெயரும் ஆண்டும் சுட்டிருக்கும். எங்கள் தக்கை மொட்டை. ஓர் எழுத்தில்லை, அடியில் மட்டும் மெல்லிய ரோஸ் நிறம். ஊற்றினால் இளம் நாவல்பழ நிறம். அந்த வயது வைன் ஓரத்தில் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், அடியில் மண்டி தங்கியிருக்க வேண்டும். ஒன்றுமில்லை. செஃப் ஒரு வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்து, "நல்லது, நன்றி" என்றார். அந்த மனுஷனின் மரியாதை அது.

விற்றவருக்கு அடுத்த நாள் போன் எடுத்தேன். முதலில், பழைய வைன் என்றால் அப்படித்தான் மாறும் என்றார். தக்கையில் எழுத்து எப்படி மாறியது என்று கேட்டேன். திறந்த போத்தலுக்குப் பொறுப்பில்லை, நீங்களே மாற்றி ஊற்றியிருக்கலாம் என்றார். பிறகு போன் எடுப்பதில்லை. காசாகக் கொடுத்ததால் வங்கியிடம் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், வாடிக்கையாளர் முறைப்பாட்டுக்கான அரசாங்கத்தின் சிக்னல்கொன்சோ இணையத் தளத்திலும் பதிந்திருக்கிறோம். நீங்களும் இப்படி மாட்டினால் போத்தல், தக்கை, உறை, மிச்ச வைன் எதையும் எறியாதீர்கள். பொலிசில் முதலில் கேட்டது தக்கையைத்தான்.

வாங்குவதாக இருந்தால் பெயர், முகவரி, பதிவு இலக்கம் உள்ள வியாபாரியிடம் முழு ரசீதோடு, அட்டையில் வாங்குங்கள். முதலில் எங்கே, எப்போது வாங்கப்பட்டது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். உறையின் படத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னால் மழுப்புகிறவரிடம் பேச்சை அத்தோடு விடுங்கள்.

இன்னொரு சின்ன ஏமாற்று கொண்டாட்ட மண்டபங்களில் நடக்கிறது. மூத்தோன் என்று சொல்லி மூத்தோன் கடேயை மேசையில் வைத்து விலை போடுகிறார்கள். அதுவும் பரோன் பிலிப்பின் நிறுவனத்து வைன்தான், 1930 அறுவடையில் தொடங்கியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர்தோ முழுவதிலும் இருந்து திராட்சை எடுத்துச் செய்வது, சுப்பர்மார்க்கெட்டில் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைக்கும். லேபிளில் போயாக் என்று இருக்கிறதா, வெறும் போர்தோ என்று இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

கடைசியாக, உணவகங்களில் பாத்திரம் கழுவும், மேசை துடைக்கும் நம் பெடியளுக்கு. பெரிய வைன்களின் வெற்றுப் போத்தலைக் கேட்டு, அம்பது நூறு யூரோ தாறேன் என்று பின்கதவில் ஆள் வரும். எங்கள் உணவகத்துக்கும் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் போலி வைன் செய்து விற்ற ரூடி குர்னியவான் என்பவர் உணவகத்தில் குடித்த விலையுயர்ந்த வைன்களின் காலிப் போத்தல்களைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கியவர். 2012இல் பிடிபட்டார், 2014இல் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்காதீர்கள். துணியில் சுற்றி ஒரு அடி போட்டுவிட்டுக் கண்ணாடித் தொட்டியில் எறியுங்கள். எங்கள் சொமெலியே இப்போது ஒவ்வொரு இரவும் அதைத்தான் செய்கிறார். தங்கக்கடா மட்டும் உடையாமல் பொலிசில் இருக்கிறது.