ஓவர்கிளாக் செய்து கொடுத்த கடை, ஸ்டெபிலைசர் விற்ற கதை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வீடியோ எடிட்டிங்குக்கோ கேமுக்கோ புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரத்துக்குள் இருக்கும் ஒரு கடையில், ஓவர்கிளாக் (தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவது) செய்து தருகிறோம் என்ற பேச்சை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அது வேலையின் நடுவில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் ஸ்டூடியோவுக்கு வரும் கரண்டின் மேல் பழியைப் போட்டு, முதலில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி), அதன்பின் ஒரு ஸ்டெபிலைசர் என என் தலையில் கட்டினார்கள். கோளாறு இருந்த இடமோ, அவர்களே பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் இடம்) வைத்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருந்த பிராசசர் வோல்டேஜ். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை; ஆனால் இதே முறையில் வேறு கடைகளும் வியாபாரம் செய்யக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குக் காட்பாடியில் கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை. வாங்கியது இன்டெல் கோர் ஐ7 12700கே பிராசசர் போட்ட கம்ப்யூட்டர். அதில் கணக்கு போடும் பகுதிகளான கோர்கள், பெரியவை எட்டும் சிறியவை நான்கும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அளவில் ஓரிரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 5.0 கிகாஹெர்ட்ஸ் வரையும், பெரிய கோர்கள் எட்டும் சேர்ந்து உழைக்கும்போது 4.7 கிகாஹெர்ட்ஸிலும் அது ஓடும். எட்டையும் 5.1-இல் ஓடவைத்துத் தருவதாகக் கடையில் சொன்னார்கள். பில்லில் ‘பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்’ என்று ஒரு வரி எழுதி 4,500 ரூபாய் வாங்கினார்கள். எந்த வோல்டேஜில் என்ன வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட அந்தப் பில்லில் இல்லை. கேட்டதற்கு, அது கடையின் தொழில் ரகசியம் என்றார்கள். கேபினெட் ஸ்க்ரூவின் மேல், பிரித்தால் வாரண்டி இல்லை என்று ஒரு ஸ்டிக்கரும் இருந்தது.

வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் தடையில்லாமல் நடக்கும். முடிந்த வீடியோவை ஃபைலாக எடுக்கும் எக்ஸ்போர்ட் கொடுத்துச் சில நிமிடங்களில், எல்லாக் கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது, ப்ளூ ஸ்கிரீன் வரும். சில சமயம் அதுகூட இல்லாமல் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். ‘க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ என்ற வரிதான் பெரும்பாலும் திரையில் நின்றது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், பிராசசர் பிழை என்று டபிள்யூ.எச்.இ.ஏ. லாகரின் (ஹார்டுவேர் பிழைகளைப் பதிவு செய்யும் பகுதி) பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. வைகாசி முகூர்த்தங்களின் வீடியோக்கள் குவிந்து கிடந்த நேரத்தில் இது நடந்தது என்பதை இத்தொழிலில் இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் பயாஸைத் திறந்தே பார்க்கவில்லை. ப்ளக் பாயிண்டைப் பார்த்தார், மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். “அண்ணா, உங்க ஏரியாவுல கரண்ட் டல்லா வருது. அதான் பிராசசருக்கு வோல்டேஜ் பத்தல” என்றார். அதன் பேரில் 750 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு 850 வாட் ஒன்றை மாட்டினார்கள். பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்ததாக வந்ததுதான் ஸ்டெபிலைசர்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இப்போது விற்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு 12 வோல்ட்டாக மாற்றித் தரக்கூடியவை. அந்த 12 வோல்ட்டும் ஒரு சில சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏ.டி.எக்ஸ். விதி. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி இருக்கும் வி.ஆர்.எம். பகுதி அந்த 12 வோல்ட்டை மறுபடி இறக்கி, ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான அளவில் பிராசசருக்குக் கொடுக்கிறது. அந்தக் கடைசி அளவுதான் விகோர். தெருவில் கரண்ட் 230-லிருந்து 210-க்கு இறங்கினாலும் விகோர் அசையாது. அந்த அளவை முடிவு செய்வது பயாஸில் இருக்கும் செட்டிங்கே தவிர, சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்ட் அல்ல.

வாயால் சொன்னால் கடைக்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதால் எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து, அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மல்டிமீட்டரைச் செருகி வைத்துவிட்டு எக்ஸ்போர்ட் ஓடவிட்டேன். மீட்டர் 229, 230, 231 என்று அதற்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தது. திரை நீலமானபோது மீட்டரில் 230 நின்றது. இதை மொபைலில் ஒரே ஷாட்டாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பயாஸுக்குள் போக முடியாவிட்டாலும் விண்டோஸுக்குள்ளிருந்தே பிராசசர் வோல்டேஜைப் பார்க்க முடியும். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் விகோர், கோர்களின் வேகம், வெப்பம், 12 வோல்ட் அளவு எல்லாவற்றையும் காட்டும். ஃபைலில் பதிவும் செய்யும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் விகோர் 1.40 வோல்ட்டிலேயே நின்றது. வேலை இல்லாத நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதுதான் இயல்பு. இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ நிலையாக ஒரு அளவைக் கையால் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எக்ஸ்போர்ட் தொடங்கியதும் அந்த 1.40, 1.23-க்கு விழுந்தது. அங்கேதான் கம்ப்யூட்டர் நின்றது. 12 வோல்ட் வரியோ அப்போதும் 12.1 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இந்த வீழ்ச்சிக்கு விட்ரூப் என்று பெயர். இது தன்னளவில் கோளாறு அல்ல. அப்படி விழும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். பிராசசர் முழு வேலையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் இழுக்கும். வழியில் இருக்கும் தடையை ஒரு மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், 170 ஆம்பியருக்கு 0.17 வோல்ட் கழிந்துவிடும். 1.40-இல் 0.17 போனால் 1.23. ஆக, சும்மா இருக்கும்போது திரையில் தெரிந்த 1.40-ஐ மட்டும் பார்த்துவிட்டு 5.1 கிகாஹெர்ட்ஸ் தாங்கும் என்று கடையில் முடிவு செய்திருக்கிறார்கள். வேலை செய்யும்போது கிடைத்த 1.23, என்னுடைய பிராசசருக்கு அந்த வேகத்தில் போதவில்லை. பிராசசருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஏதாவது ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டிருந்தாலே கடையிலேயே இது தெரிந்திருக்கும். அந்த டெஸ்ட்டுக்கும் சேர்த்துத்தானே 4,500 ரூபாய்?

இந்தப் பதிவுகளையெல்லாம் கொண்டுபோய்க் காட்டியபோது கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது நிற்பது குறைந்திருந்தது. ஆனால் செய்திருந்த வேலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. லோட்லைன் கேலிப்ரேஷன் என்று பயாஸில் ஒரு செட்டிங் உண்டு. வேலையின்போது விழும் வோல்டேஜைத் தூக்கிப் பிடிப்பது அதன் பணி. அதை அவர்கள் உச்சத்தில் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது: சும்மா இருக்கும்போது 1.42, முழு வேலையிலும் 1.39 என்று ரீடிங் காட்டியது. உச்சத்தில் வைத்தால் இன்னொரு ஆபத்தும் சேரும். கடும் வேலை சட்டென்று முடியும் தருணத்தில் வோல்டேஜ் நாம் வைத்த அளவையும் தாண்டி ஒரு கணம் எகிறும். மைக்ரோசெகண்ட் கணக்கில் நடந்து முடியும் அந்த எகிறலை, இரண்டு விநாடிக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருள் காட்டவே காட்டாது. அதைப் பிடிக்க, நொடிக்குள் மாறும் வோல்டேஜை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் என்ற கருவி வேண்டும்.

வோல்டேஜ் கூடினால் வெப்பம் அதன் வர்க்கத்துக்கு (அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடும். 1.20 வோல்ட்டில் ஓடக்கூடிய பிராசசரை 1.40-இல் ஓட்டினாலே மின்செலவு ஏறக்குறைய 36 சதவீதம் கூடும்; 4.7-லிருந்து 5.1-க்கு ஏற்றிய வேகத்தையும் சேர்த்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு கூடுதல். அத்தனைக்கும் கிடைப்பது எட்டரை சதவீத வேகம். அதுவும் ஏ.சி. இல்லாத அறையில், வேலூர் வெயிலில் கிடைக்காது. இந்தப் பிராசசரின் வெப்ப வரம்பு 100 டிகிரி; அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையது எக்ஸ்போர்ட் தொடங்கிய சிறிது நேரத்திலேயே 100-ஐத் தொட்டு, 4.5-க்கும் கீழே இறங்கி ஓடியது. கம்பெனி செட்டிங்கில் கிடைக்கும் 4.7-ஐவிடக் குறைவான வேகத்துக்கு நான் தனியாகக் காசு கொடுத்திருக்கிறேன்.

2024 கோடைக்குப் பின் கடையின் பேச்சு மாறியது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், பிராசசரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாகும் பிரச்சனை இருப்பதை அந்த ஆண்டு இன்டெல் ஒப்புக்கொண்டது; ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரல்) திருத்தத்தை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இச்செய்தி யூட்யூப் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது கடை முதலாளி என்னிடம், “கம்பெனியே ஒத்துக்கிட்ட ப்ராப்ளம் சார், அதுக்கு நாங்க இன்னா பண்றது?” என்றார். நான் வாங்கியது 12-ஆம் தலைமுறை. அந்தப் பிரச்சனை அதற்குக் கிடையாது. பிராசசரின் பெயரில் ஐ7-க்கு அடுத்து வரும் முதல் இரண்டு இலக்கங்களே தலைமுறை. அவர் கையால் எழுதிய பில்லிலேயே அது இருக்கிறது.

அதன்பின் ரீடிங் பதிவுகளையும் ஸ்டிக்கரின் படத்தையும் பத்திரப்படுத்திவிட்டு, மதர்போர்டு கையேட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரின் மின்னிணைப்பை எடுத்தபின் சிமாஸ் கிளியர் செய்தேன், அதாவது பயாஸ் செட்டிங்குகளை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தேன். பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகளில் அதோடு பயாஸ் பாஸ்வேர்டும் போய்விடும், என்னுடையதிலும் போனது. கம்பெனி செட்டிங்கில் அதே கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தபோது விகோர் 1.2-ஐ ஒட்டியே இருந்தது, வெப்பம் எண்பதுகளில் நின்றது, கடை ‘ட்யூனிங்’கைவிடச் சில நிமிடம் முன்னதாகவே முடிந்தது. அன்றிலிருந்து நிற்கவில்லை. ஸ்டெபிலைசர் இல்லாமல்தான் ஓடுகிறது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், எப்போது நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். கடும் வேலையின் நடுவில் நின்றால் வோல்டேஜ் விழுவதைச் சந்தேகிக்கலாம். சும்மா இருக்கும்போதோ வேலை முடிந்த உடனேயோ நின்றால், குறைந்த வேகத்துக்குரிய வோல்டேஜை ஆஃப்செட் (இயல்பான அளவிலிருந்து இவ்வளவு கழி என்ற செட்டிங்) போட்டு அளவுக்கு மீறிக் குறைத்திருக்கலாம். ரேமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. செட்டிங்கையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள், ஏனென்றால் அதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு சோதித்தால் எது காரணம் என்றே பிடிபடாது. பிராசசர் பொருந்தும் சாக்கெட்டின் அருகே அளக்கும் ரீடிங், பிராசசருக்குள் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் போர்டுகளும் உண்டு என்பதால், ஒரே ஒரு எண்ணை வைத்து யாருடனும் சண்டைக்குப் போக வேண்டாம்.

குறிப்பாக ஏ.எம்.டி. ரைசன் வைத்திருப்பவர்கள் அவசரப்படக் கூடாது. லேசான வேலையில் ஒரு கோர் மட்டும் வேகமெடுக்கும்போது அதில் 1.4-க்கு மேல் காட்டுவது இயல்பு; அதற்குக் கடையைக் குறை சொன்னால் நியாயமாகாது. ஆனால் 7000 வரிசை எக்ஸ்3டி பிராசசர்கள் சில 2023-இல் கருகியதையடுத்து பிராசசருக்குள் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் எஸ்.ஓ.சி. வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாதபடி ஏ.எம்.டி. கட்டுப்படுத்தியது. பழைய பயாஸோடு யாராவது விற்றால் அதை அப்டேட் செய்து தரச் சொல்லி வாங்குங்கள்.

ஓவர்கிளாக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகம், விகோர் முறை, லோட்லைன் அளவு, எந்த டெஸ்ட்டை எவ்வளவு நேரம் எந்த வெப்பத்தில் ஓட்டினார்கள் என்பதைப் பில்லோடு எழுதித் தருகிற கடையில் செய்துகொள்ளுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓட்டியதால் வரும் பழுது பிராசசர் கம்பெனியின் சாதாரண வாரண்டியில் அடங்காது. ஆகவே அந்தப் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ட்யூனிங் கட்டணம், ஸ்டெபிலைசர் விலை, எஸ்.எம்.பி.எஸ். மாற்றியதில் வந்த நஷ்டம் ஆகியவற்றைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடைக்குக் கடிதம் அனுப்பினேன். ஸ்டெபிலைசரை மட்டும் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்கள். எழுதித் தர மறுத்தார்கள். எனது பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேட்டால் “வித்தாச்சு” என்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இதே பகுதியில் ‘பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்’ என்ற வரியோடு பில் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.