கான்பரன்ஸா, பார்கேம்ப்பா: ஒரு சனிக்கிழமையை எதற்குக் கொடுப்பது?

ஒரு பக்கம், பேச்சாளர் பட்டியலை மாதக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்துவிட்ட டெக் கான்பரன்ஸ். இன்னொரு பக்கம், காலை ஒன்பது மணிக்கு வெறும் பலகையோடு தொடங்கி, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை எழுதிக்கொள்ளும் பார்கேம்ப். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு பார்கேம்ப்புக்கு. அது சொதப்பும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

பெயர் வந்த கதை சின்னது. கணினிப் புத்தகப் பதிப்பாளர் டிம் ஓ'ரைலி நடத்திய ஃபூ கேம்ப் என்ற கூட்டத்துக்கு அழைப்பு வந்தவர்கள் மட்டுமே போகலாம். யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஒரு வாரத்துக்கும் குறைவான ஏற்பாட்டில் முதல் பார்கேம்ப் நடந்தது. புரோகிராமர்கள் உதாரணத்துக்கு எழுதும் 'ஃபூ', 'பார்' என்ற வெற்றுப் பெயர் ஜோடியில் மிச்சமிருந்த பாதிதான் இந்தப் 'பார்'. அடுத்த வருஷமே டெல்லி, சென்னை, பெங்களூரு மூன்றிலும் நடந்துவிட்டது.

செலவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கான்பரன்ஸுக்கு டிக்கெட், வெளியூர் என்றால் ரூம், ரயில். பார்கேம்ப் பெரும்பாலும் இலவசம், மதியச் சாப்பாடு ஸ்பான்சர் கணக்கு. ஆனால் ஆபீஸில் ஆன்-டியூட்டி கேட்க அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இருந்தால்தான் மேனேஜர் தலையசைப்பார். அந்த விஷயத்தில் கான்பரன்ஸுக்கே வெற்றி.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பொருள்: அட்டை. கான்பரன்ஸில் உங்கள் சிக்கல் மேடையேற வேண்டுமென்றால் சில மாதம் முன்பே முன்மொழிவு எழுதி, தேர்வுக் குழுவைத் தாண்டி வர வேண்டும். இல்லாவிட்டால், பேச்சு முடிந்தபின் மைக் சுற்றிவரும் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி. பார்கேம்ப்பில் நேற்று ராத்திரி தலைவலி கொடுத்த விஷயத்தை இன்று காலை ஓர் அட்டையில் எழுதிப் பலகையில் ஒட்டலாம். நெடுக்கில் அறைகள், குறுக்கில் நேரம், காலிக் கட்டம் எதுவோ அது உங்களுடையது.

ஆனால் அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 'போஸ்ட்கிரஸ் ஓர் அறிமுகம்' என்று எழுதினால் கற்றுக்கொள்ள வருபவர்கள் வருவார்கள். நீங்கள் பாடம் நடத்திவிட்டு வரலாம். 'போஸ்ட்கிரஸ் பதிப்பு 13-லிருந்து 17-க்கு, சைட்டை ரொம்ப நேரம் நிறுத்தாமல் மாறியவர்கள் யார்?' என்று எழுதினால் அடி வாங்கியவர்கள் வருவார்கள். டேட்டாவைப் புது சர்வருக்குத் தொடர்ந்து நகலெடுக்கும் வழியில் போன ஒருவர், "லாஜிக்கல் ரெப்ளிகேஷன் சீக்வென்ஸ் எண்களை, அதாவது புது வரிசைகளுக்குத் தானாகத் தரும் எண்களை, கொண்டுபோகாதுங்க, நீங்களே ஏத்தி வைக்கலேன்னா மாறின உடனே இன்சர்ட்டில் டூப்ளிகேட் கீ எரர்தான்" என்பார். இருக்கும் டேட்டாபேஸையே புதுப் பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேடு கருவி வழியில் போன இன்னொருவர், 17 வரைக்கும் குவெரிக்கு வேகமான வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் டேபிள் புள்ளிவிவரங்களை அது எடுத்துப்போகாது, அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் அனலைஸ் ஓட்ட மறந்தால் மறுநாள் காலை எல்லா குவெரியும் தவழும் என்பார். டாக்குமென்டேஷனில் இருப்பதுதான் இரண்டும். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

கட்டம் பிடிப்பதிலும் கணக்கு உண்டு. முதல் கட்டத்தில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். கடைசிக் கட்டத்தில் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கட்டம்தான் தங்கம், பேச்சு தட்டோடு தொடரும். உங்கள் விஷயத்திலேயே வேறொருவரும் அட்டை வைத்திருந்தால் போட்டி போடாமல் இரண்டையும் ஒன்றாக்குங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முப்பது நிமிடத்தில் சிக்கலைச் சொல்ல நான்கு நிமிடம் போதும், கடைசி ஐந்து நிமிடம் குறிப்பு எழுத. பத்துப் பன்னிரண்டு பேர் சரியான கூட்டம், இருபத்தைந்தைத் தாண்டினால் அது தானாகவே வகுப்பாகிவிடும். இரண்டே பேர் வந்தாலும் கவலை வேண்டாம், லேப்டாப்பைத் திறந்து நேராக வேலைக்குப் போகலாம்.

சொதப்பல்கள்: ஒருவர் தன் கம்பெனி பொருளை விற்க ஆரம்பிப்பார். இன்னொருவர் மைக்கே இல்லாமல் இருபது நிமிடம் பிடித்துக்கொள்வார். இதற்கு 'இரண்டு கால் விதி' இருக்கிறது: கற்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போ. 1980-களில், வந்தவர்களே நிகழ்ச்சி நிரலைப் போடும் ஓபன் ஸ்பேஸ் கூட்ட முறையை உருவாக்கிய ஹாரிசன் ஓவன் சொன்னது. நம்மூரில் பாதியில் எழுவது மரியாதைக் குறைவு போலத் தோன்றும், அதனால் கதவோரமாக உட்காருவது வசதி. வைஃபை மதியத்துக்குள் படுத்துவிடும் என்று வைத்துக்கொண்டு டெமோவை லேப்டாப்பிலேயே ஓடும்படி வையுங்கள். டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தடித்த மார்க்கர், மூன்றும் பையில் இருக்கட்டும். வீடியோ பதிவு பெரும்பாலும் இருக்காது. குறிப்பு எழுத முதல் நிமிடத்திலேயே ஒருவரைக் கேட்டுவிடாவிட்டால் பேசியதெல்லாம் காற்றோடு போகும்.

கான்பரன்ஸ் எப்போது? ஒரு மொழியையோ கருவியையோ புதிதாகத் தொடங்குபவர் அங்கேதான் போக வேண்டும். அரைநாள் பயிற்சிப் பட்டறைக்குத் தேவையான தயாரிப்பு அட்டைக் கூட்டத்தில் கிடைக்காது. மேடைப் பேச்சுகளை மட்டும் கேட்கத்தான் என்றால் வீடியோ வரும்வரை காத்திருந்து வீட்டிலேயே பார்க்கலாம். பைதான் மொழிக்கான பைகான் போன்ற கான்பரன்ஸ்களில் ஓபன் ஸ்பேஸ் பலகையும் வைப்பதுண்டு. டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் முதலில் அந்தப் பலகையைத் தேடிப் போங்கள்.

வேலை தேடுபவருக்கு எது நல்லது என்பதில் அடித்துப் பேச மாட்டேன். கான்பரன்ஸ் ஸ்டாலில் ரெஸ்யூமே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார். வட்டத்தில் உங்கள் பதிலைக் கேட்டவருக்கு அதிகாரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முதல் தடவை வருபவர் பேசியே ஆக வேண்டும் என்று பார்கேம்ப் விதிகளில் ஒன்று மிரட்டும். அடுத்த வரியிலேயே 'கட்டாயம் இல்லைதான்' என்று இறங்கியும் வரும். தயக்கம் இருந்தால் அட்டையில் கேள்விக்குறியோடு ஒரே ஒரு வரி எழுதி ஒட்டுங்கள், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. பலகையைக் காலையிலும் மதியத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டைகள் சொல்லாமல் இடம் மாறும்.