மேய்ச்சல் கிடாயா, கொட்டில் கிடாயா?

செம்மறிக் கறியில் எது நல்லது என்று குழம்புகிறவர்களுக்கு:

நிறம்: மேய்ச்சல் கறி அடர்சிவப்பு. கொட்டில் கறி வெளிர்சிவப்பு.

கொழுப்பு: பெரிய வித்தியாசம் இங்கேதான். பச்சைப் புல்லில் லினோலெனிக் அமிலம் (ஒமேகா-3 வகைக் கொழுப்பு) அதிகம். அதனால் மேய்ச்சல் கறியில் ஒமேகா-3 கூடும். காய்ந்த கோடைப் புல்லுக்கு இந்த ஆதாயம் பெரிதாகக் கிடையாது. கொட்டிலில் மக்காச்சோளம் ஏற ஏற ஒமேகா-6 ஏறும். அளவு மீறினால் தோலடிக் கொழுப்பு இறுகாமல் கையில் பிசுபிசுக்கும்.

மென்மை: மேய்ச்சலில் எடை மெதுவாக ஏறுவதால் வெட்டும்போது வயது கூடியிருக்கும், நார் தடித்திருக்கும். குக்கரில் இரண்டு மூன்று விசில் அதிகம் விடுங்கள். கொட்டில் கறி சீக்கிரம் வேகும்.

வாசம்: மேய்ச்சல் கறியில் தூக்கல். சிலருக்கு அதுவே கவிச்சி.

செலவு: மேய்ச்சலுக்கு ஆள்கூலியும் குடற்புழு மருந்தும், கொட்டிலுக்குத் தீவனம். பணம் மிச்சம் என்று மாட்டுக்கான தாது உப்புக் கலவையைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் தேங்கி ஆட்டையே கொன்றுவிடும்.

ஒன்று: மேய்ந்தது எல்லாம் ‘ஆர்கானிக்’ ஆகிவிடாது. மேய்ந்த நிலத்தில் உரமோ பூச்சிமருந்தோ அடித்திருக்கலாம்.

குழம்பு, எலும்பு ரசத்துக்கு மேய்ச்சல் கிடாய். பிரியாணிக்கும் கிரில்லுக்கும் கொட்டில் கிடாய். எதுவானாலும் உயிரோடு வாங்கினால் வாயைத் திறந்து பாருங்கள்: முன்பற்கள் எட்டும் பால்பல்லாக இருந்தால் இளங்கறி.