எச்சரிக்கை: கோ-பைலட் சீட் உறுதி என்று சொல்லி 3,80,000 வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. முழுசாக 3,80,000 போய்விட்டது, வேலையும் இல்லை, நேற்று மதியத்திலிருந்து போனும் எடுப்பதில்லை.

சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ், வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கில் 212 மணி, மல்ட்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதி) எல்லாம் இருக்கிறது. புதுசாக வந்தவர்களுக்கு நிலைமை தெரியும்: 200 மணிக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிடும், விளம்பரத்தைத் திறந்தால் ‘டைப்பில் 500 மணி’ என்று, அதாவது அந்த ரக விமானத்திலேயே 500 மணி பறந்த அனுபவம், கேட்பார்கள். அந்த 500 மணியை எவன் விமானத்தில் ஏறிச் சேர்ப்பது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தச் சந்தில்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

என்னைப் பிடித்தது பைலட்டுகளுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு ஆலோசனை நிறுவனம். பெயர் போடவில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோ காலில் வந்தவர் வெள்ளைச் சட்டை, தோளில் கேப்டனுக்குரிய நான்கு கோடு, பின்னால் சுவரில் ஏர்பஸ் ஏ320 காக்பிட் படம். ‘குட் மார்னிங் கேப்டன்’ என்றார். பதினொரு மாதமாக ‘இன்னும் ஒண்ணும் வரலையா’ என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவனை ஒருத்தர் கேப்டன் என்று கூப்பிட்டால் என்ன ஆகும், உருகிவிட்டேன். தோளில் போடுகிற கோடு காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும், என்னுடையதையே அப்படித்தான் வாங்கினேன், ஆனால் அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை.

அதே காலில் அவர் ஒரு வார்த்தை விட்டார். ‘ஏ320 டைப் ரேட்டிங் கம்பெனியே பார்த்துக்கும், ஏ321-க்குத் தனி ரேட்டிங், அதை மட்டும் நீங்க கட்டிடுங்க.’ டைப் ரேட்டிங் என்பது ஒரு ரக விமானத்தை ஓட்டத் தனியாக வாங்கும் தகுதி. ஏ318, 319, 320, 321 நாலுக்கும் அது ஒன்றுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வித்தியாசங்களுக்கான சின்னப் பயிற்சி இருக்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். நுனி நாக்கு வரை வந்தது. கேட்டால் ‘இவன் அதிகப்பிரசங்கி’ என்று லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். விழுங்கியதற்குத்தான் 3,80,000.

ஒரே தடவையில் வாங்கவில்லை. பதிவுக்கு 30,000, சிமுலேட்டர் தேர்வுக்கு 1,10,000, கடைசியில் அந்த ஏ321 பெயரைச் சொல்லி ‘சீட் டெபாசிட்’ 2,40,000. கடைசித் தொகையை அப்பாதான் போட்டார், யார் பெயருக்குப் போகிறது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போட்டார். அது கம்பெனி கணக்கே இல்லை, தனி ஆள் பெயர்.

சிமுலேட்டர் நிஜமாகவே நடந்தது, அதுதான் கொடுமை. நிஜமான தேர்வில் ரா டேட்டாவில் ஐஎல்எஸ் பிடிக்கச் சொல்வார்கள் (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னலைத் தானியங்கி உதவியில்லாமல் பின்பற்றி இறங்குவது), ஹோல்டிங் (ஒரே இடத்தில் வட்டமடித்துக் காத்திருப்பது) கொடுப்பார்கள், ஒரு எஞ்சினை அணைப்பார்கள், இதற்கு நடுவில் பக்கத்தில் இருப்பவரோடு எப்படிப் பேசி வேலை செய்கிறோம் என்று கவனிப்பார்கள். இங்கே ஒரு டேக் ஆஃப், ரன்வேயைச் சுற்றி ஒரு சர்க்யூட், ஒரு லேண்டிங். சென்டர்லைனை விட்டு நன்றாக இடது பக்கம் ஒதுங்கித்தான் இறக்கினேன், எனக்கே தெரிந்தது. தேர்வு வைத்தவர் ‘எக்ஸலன்ட்’ என்று டிக் போட்டார். லாக் புக்கில் கடைசிப் பக்கத்தின் மொத்தத்தை மட்டும் பார்த்தார். கடைசியாக எப்போது பறந்தாய், மெடிக்கல் சர்டிஃபிகேட் எதுவரை இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. ஆள் எடுக்கிறவன் முதலில் கேட்பதே அதைத்தானே!

பணம் போன மறுநாள் ஆஃபர் லெட்டர் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் லோகோவின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. அனுப்பிய மெயில் முகவரியில் ஏர்லைன் பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. இதையெல்லாம் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்புறம் வாரத்துக்கு ஒரு காரணம். சீஃப் பைலட் லீவு. எச்ஆரில் ஆடிட். விமானம் டெலிவரி தள்ளிப்போகிறது (இது நிஜமாகவே செய்திகளில் வருகிற விஷயம், அதனால் இதையும் நம்பித் தொலைத்தேன்). பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் குரல் மாறிவிட்டது, ‘டெபாசிட் ரீஃபண்ட் ஆகாது, நாலாவது பக்கத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க’ என்றார். வேண்டுமானால் கார்ப்பரேட்டில் (கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்காக வைத்திருக்கும் விமானங்களில்) போட்டுத் தருகிறாராம், கிங் ஏர் பி200 என்ற சின்ன விமானத்தில் வலது சீட், அதாவது கோ-பைலட் இடம், 100 மணி, இன்னும் 2,00,000 கட்டினால் போதுமாம். பி200 ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்றிதழ் பெற்ற விமானம். அந்தப் பறப்புக்கு இரண்டு பேர் கட்டாயம் என்று விதியோ கம்பெனியின் அனுமதியோ சொல்லாவிட்டால், அங்கே உட்கார்ந்த மணியைக் கோ-பைலட் மணி என்று எழுதவே முடியாது. எழுதினால் நாளைக்கு இன்டர்வியூவில் லாக் புக்கைப் புரட்டும்போது மாட்டுவது நாம். இந்தத் தடவை விழுங்கவில்லை, கேட்டேன். ‘ரொம்ப நெகட்டிவா பேசறீங்க கேப்டன்’ என்று கட் பண்ணிவிட்டார். அப்போதும் கேப்டன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: ஏர்லைனின் சொந்தத் தளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள், ஆஃபர் லெட்டரில் உள்ள எண்ணுக்கு அல்ல. தனி ஆள் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டைப் ரேட்டிங் செலவை நம் தலையில் கட்டுகிற ஏர்லைன்கள் நிஜமாகவே உண்டு, அதனால் பணம் கேட்டாலே மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ஏர்லைனே எழுத்தில் கொடுக்க வேண்டும். தெரிந்த ஒன்றைத் தப்பாகச் சொன்னால் வாயைத் திறந்து கேளுங்கள்.

வங்கியிலும் போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் முடிகிறது. அதைப் புதுப்பிக்க எடுத்து வைத்திருந்த காசும் அந்த 3,80,000-க்குள்தான் இருந்தது.