உப்புக்காற்றில் மூன்று வருடம்: ஸ்ட்ராட் கிதாரில் பிக்கப் மாற்றியபின்

மூன்று மழைக்காலம் தாண்டிய பிறகு எழுதுவது. கிதார் சாதாரண ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிதார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று, மூன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். கழற்றியது செராமிக் காந்தம், போட்டது அல்னிகோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம். சத்தம் மாறியதில் பாதிதான் பிக்கப்பின் வேலை. மீதி, வால்யூம் கண்ட்ரோலை மாற்றியதும் உயரத்தைச் சரிசெய்ததும். 'பிக்கப் போட்டேன், காசு தண்டம்' என்பவர்கள் பெரும்பாலும் இந்த மீதியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியது, பிரிட்ஜ் (கிதார் உடலில் கம்பிகள் ஊன்றும் இடம்) பக்கம் மெல்லிய முதல் கம்பிக்கும் தடித்த ஆறாம் கம்பிக்கும் இடைவெளி. 52 மி.மீ.யும் உண்டு, 50ம் உண்டு. தப்பினால் ஓரக் கம்பிகள் காந்தத் தூணுக்கு நேராக நிற்காது. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் கண்ட்ரோல்தான் சரி. 500 போட்டால் மேல்ஸ்தாயி காதைக் குத்தும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: ஏ250கே வால்யூமுக்கு ஏற்றது, பி250கே என்றால் லீனியர், திருப்பும்போது சத்தம் ஒரே இடத்தில் குவிந்ததுபோல் இருக்கும். பெரிய அமெரிக்க வகைக் கண்ட்ரோலுக்கு பிக்கார்டு (பிக்கப்பும் கண்ட்ரோலும் பொருத்தியிருக்கும் முன்தகடு) ஓட்டையை 8 மி.மீ.யிலிருந்து ஒன்பதரைக்கு அகட்ட வேண்டும், பழைய குமிழும் அதில் ஏறாது. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

கழற்றும் முன் வயரிங்கை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கார்டில் 11 ஸ்க்ரூ. பிக்கப் ஸ்க்ரூவின் ஸ்பிரிங் துள்ளி ஓடும், கீழே துணி விரித்துக்கொள்வது நல்லது. காயில் கம்பி முடியைவிட மெல்லியது, சுமார் 0.06 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர் ஒரு முறை வழுக்கினால் பிக்கப் போச்சு; மல்டிமீட்டர் ஓப்பன், அதாவது சுற்று அறுந்தது என்று காட்டும்.

பத்தவைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. காற்றில் ஈயம் சீக்கிரம் ஆறி, மேலே மினுக்கம் இல்லாமல் பொரிபொரியாக நிற்கும். ஆறு மாதத்தில் அங்கேதான் கரகரப்பு கிளம்பும். கண்ட்ரோலின் முதுகில் எர்த் வயர் வைக்க, அங்கே உப்புத்தாளால் தேய்த்து பிளக்ஸ் (பத்தவைக்கும் பசை) தடவி, 40 வாட்டுக்குக் குறையாத அயர்னைத் தட்டை முனையோடு இரண்டு மூன்று வினாடி வையுங்கள். 25 வாட் அயர்னை அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே கார்பன் தடம் கருகும். இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிக்கும்போது சத்தம் மூக்கடைத்துப் போனால் ஃபேஸ், அதாவது இரண்டின் அலைத் திசை, எதிரெதிர். ஒன்றில் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டி) கம்பியை அழுத்திப் பிடித்து, தூணின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையில் அளக்க வேண்டும்: ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2. தூண்களே காந்தமாக இருப்பதால் இந்த வகை கம்பியை இழுக்கும். பழைய பிக்கப் இருந்த உயரத்திலேயே விட்டால், ஆறாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரே ஸ்வரம் இரண்டாக அலையும். டியூனிங் பெக்கைத் திட்டாதீர்கள், ஸ்க்ரூவை இறக்குங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று முதலில் தின்பது ஜாக்கையும் ஸ்விட்சையும்தான். காயில் மூன்று வருடமும் அசையவில்லை. மே மாதம் மீட்டரில் அளவு கூடினால் பயப்பட வேண்டாம்; 10 டிகிரிக்கு செம்பின் தடை சுமார் 4 சதவீதம் ஏறும், 6 கிலோ ஓம் 6.2ஐத் தாண்டும். தூண் உச்சியில் துரு பூத்தால் உலர்ந்த துணி போதும். ஸ்டீல் கம்பளி வேண்டவே வேண்டாம். அதன் தூள் காந்தத்தில் ஒட்டி காயிலுக்குள் போகும். ஸ்விட்சுக்கும் கண்ட்ரோலுக்கும் ஐப்பசி பிறக்கும் முன் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு.

அல்னிகோவிலும் இரைச்சல் இரைச்சல்தான், சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் என்றால் பிக்கப் ஸ்விட்சின் 2, 4ஆம் இடங்களில் அடங்கும். கம்பியைத் தொட்டதும் குறைந்தால் எர்த் வயர் நன்றாகவே இருக்கிறது. தொட்டதும் சுருக்கென்றால் பிக்கப்பில் ஒன்றும் தேடாதீர்கள். கேபிளை உருவிவிட்டு, பிளக் பாயின்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய தெரு வீடுகள் பலவற்றில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும்.