பனியில் வேர்க்கும் மீட்டர்

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, உன் வண்டி விலை இறங்கியிருக்கு. எடுத்துரலாமா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லு." 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அவன் கேட்டதில் தப்பில்லை, கேட்ட ஆள்தான் தப்பு. என் பைக்கின் வேகம் காட்டும் மீட்டர் உள்ளே ஆவி படிந்து படிந்து கெட்டு, மூன்றாவது மீட்டர் மாட்டி அன்றைக்கு ஒன்பதாவது நாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

கம்பெனி பெயரையோ மாடலையோ எழுதப் போவதில்லை. இதை மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பத்தி படித்தாலே தெரிந்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடுவேன். 2022 பிப்ரவரியில் எடுத்தேன், இப்போது நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எனக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். மார்கழிக் குளிரிலும் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். இதற்கு முன்னால் வைத்திருந்த கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து, உதைத்து, திட்டி, மறுபடி உதைத்துத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றுகிற அளவு பெட்ரோலையே இங்கேயும் ஊற்றிப் பிளக்கைக் கரியாக்கும். இந்த வண்டியின் ஃபியூயல் இன்ஜெக்ஷன் காற்றைப் பார்த்து அளந்து விடுகிறது. குஞ்சப்பனை இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் பிரேக்கைத் தொடாமலே பாதி வளைவுகளை இறங்கிவிடலாம். செயின் செட் ஒரு தடவை, டயர் ஒரு தடவை மாற்றினேன், அவ்வளவுதான் செலவு. எஞ்சினைச் செய்தவன் கையில் முத்தமே கொடுக்கலாம்.

மீட்டரைச் செய்தவனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முறை வேர்த்தது 2022 நவம்பரில். கோத்தகிரிப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிதாக வராது, தொட்டபெட்டா மலை மறித்துக்கொள்ளும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். ஒரு காலை, கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து எண்களே தெரியவில்லை. வெளியே துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. லேசாக ஆவி படிந்து சிறிது நேரத்தில் போய்விட்டால் அது குறையல்ல என்று சர்வீஸில் சொல்வார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். மீட்டர் பெட்டி முழுக்க அடைத்த டப்பா இல்லை, காற்று போய்வர ஒரு சின்னத் துவாரமும் அதில் ஒரு மெல்லிய சவ்வும் இருக்கும். சவ்வு ஆவியை விடும், தண்ணீரை விடாது. அது ஒழுங்காக வேலை செய்தால் வண்டி கிளம்பிச் சில நிமிடங்களில் கண்ணாடி தெளிந்துவிட வேண்டும்.

என்னுடையது தெளியவில்லை. மூன்றாம் வாரம் உள்ளே துளியாக நின்றது. ஒரு நாள் வேகம் 38 என்று காட்டியபடி அப்படியே உறைந்துவிட்டது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிறேன், வண்டி 38-இல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மலைப்பாதையில் வேகமானியை யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். எஞ்சின் சத்தமும் வளைவும் போதும். அதனால் முதலில் நானும் சிரித்துவிட்டு விட்டேன். சிரிப்பு நின்றது இண்டிகேட்டரால். ஒரு திருப்பத்தில் வலது இண்டிகேட்டரைப் போட்டவன் அதை அணைக்க மறந்துவிட்டேன். மீட்டரில் மினுக்கும் பச்சை விளக்கு ஆவிக்குப் பின்னால் தெரியவே இல்லை. நாலு வளைவுக்கு வலதுபக்கம் திரும்பப் போகிறவன் மாதிரியே போயிருக்கிறேன். எதிரே வந்த அரசு பஸ் டிரைவர் நிறுத்தித் தலையை வெளியே நீட்டிக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. அந்த ஒரு பெட்டிக்குள்தான் ஏ.பி.எஸ். பிரேக் எச்சரிக்கை, நியூட்ரல், ஹை பீம் எல்லா விளக்கும் இருக்கின்றன. மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். இதெல்லாம் தெரிய வேண்டிய நேரத்தில்தான், சரியாக அந்த நேரத்தில்தான், பெட்டி கண்ணை மூடிக்கொள்கிறது.

சர்வீஸ் சென்டர் கீழே இருக்கிறது. கோளாறு மேலே இருக்கிறது. என் மூன்று வருடக் கதையே இந்த இரண்டு வரிதான்.

மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் சுமார் 1,500 மீட்டர் உயர வித்தியாசம். அந்த ஏற்றத்தில் வெப்பம் பத்து டிகிரி குறையும், காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறையும். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறும்போது வெளியே வரும், இறங்கும்போது உள்ளே போகும். பகல் வெயிலில் சூடாகிக் காற்றை வெளியே விட்ட மீட்டர், சாயங்காலம் குளிர்ந்ததும் பனிக்காற்றை உள்ளே இழுக்கும். டீ ஃபேக்டரிக்காரனுக்கு ஈரப்பதத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலை வாட்டுகிற இடத்தில் ஈர, உலர் தெர்மாமீட்டர்கள் இரண்டு தொங்கும், அதைப் பார்த்துத்தான் எங்கள் பிழைப்பே. இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்று முழுக்க நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். குறித்த காலைகளில் ஒன்றில்கூட மீட்டர் வேர்க்காமல் இருந்ததில்லை.

இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போனால் என்ன ஆகும்? மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் வெயில் காயும், கண்ணாடி பளிச்சென்று கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். வண்டியின் குறையைப் பதியும் ஜாப் கார்டில் "குறை தென்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மூன்று தடவை இப்படி. மூன்று நாள் சம்பளமும் போச்சு.

நாலாவது தடவை புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். கிளம்பும்போதே மீட்டரை பாலிதீன் கவரால் கட்டி, ஆவியை அப்படியே பத்திரமாகக் கீழே கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் முன்னால் மந்திரவாதி மாதிரி கவரை உருவினேன். ஆவி இருந்தது! அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். "சார், கவர் போட்டதாலதான் வேர்த்திருக்கு" என்றார். திரும்பி வரும்போது குஞ்சப்பனை செக்போஸ்டில் அந்தக் கவரையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

2024 ஜனவரியில் மீட்டர் மொத்தமாக அணைந்தது. அப்போது வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். புது மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பித்தது. 21,340 கிலோமீட்டர் ஓடிய வண்டி ஒரு மத்தியானத்தில் பிறந்த குழந்தை ஆகிவிட்டது. நாளைக்கு விற்கப் போனால், நானே மீட்டரைத் திருத்திய திருடன் மாதிரி நிற்க வேண்டும். பழைய அளவு, மாற்றிய தேதி இரண்டையும் சீல் போட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, யாருமே இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். கேட்டு வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

அந்த மீட்டரும் அந்த வருடம் நவம்பரில் வேர்த்தது.

இந்தத் தடவை கம்பெனிக்கே எழுதினேன். சேசிஸ் எண்ணின் 17 எழுத்தும், கிலோமீட்டரும், நோட்டில் இருந்த தேதிகளும் சேர்த்து. வீடியோவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தேன்: முதலில் சேசிஸ் எண், அடுத்து தெர்மாமீட்டர், கடைசியில் மீட்டர். முதல் பதில், மன்னிப்பும் நன்றியும் கலந்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய பதில். இரண்டாவதாக ஒரு இளைஞர் போனில் பேசினார். வாட்டர் சர்வீஸ் விடுகிறீர்களா, மீட்டர் மேல் நேராகப் பிரஷர் அடிக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் நல்ல கேள்வி. முதல் வருடம் நானும் அப்படித்தான் கழுவினேன். ஆறு மாதம் வெறும் ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன். அப்புறமும் வேர்த்தது. அதையும் எழுதி அனுப்பினேன்.

அடுத்து அரசாங்க வழி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 2021 ஏப்ரல் 1-இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் குறையுள்ள வண்டிகளைக் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து திரும்பப்பெறும் ஏற்பாடுதான், 2012-இலிருந்து. இப்போது, ஓட்டுகிறவருக்கோ சாலையில் போகிற மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை என்றால், அந்த ரக வண்டிகளையே திரும்பப்பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். வண்டி ஏழு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கட்டாயத்தின் பேரில் திரும்பப்பெற்றால் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம் உண்டு. கம்பெனியே முந்திக்கொண்டு குறையைச் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் வண்டியின் உரிமையாளரே குறையைப் பதியலாம். பதிந்தேன். இண்டிகேட்டர் கதையை முதலில் எழுதினேன். வேகமானி இருந்தாக வேண்டும் என்று சொல்லும், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117-ஆவது விதியையும் சேர்த்தேன்.

என் ஒருவனுக்கு மீட்டர் மாற்றித் தருவது அந்த வழியின் வேலை அல்ல, அது எனக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. புகார் கணக்கில் எடுபட, விற்ற வண்டிகளில் இவ்வளவு பங்கு பேர் சொல்லியிருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. நாடு முழுக்க விற்ற வண்டிகளில்! திண்டுக்கல்லில் ஓடுகிற வண்டிக்கு இந்தக் குறை ஜென்மத்துக்கும் தெரியாது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் என்று மலையில் இருக்கிற ஒவ்வொருவரும் கைநாட்டு வைத்தாலும் அந்தப் பங்கில் நாங்கள் மோருக்குப் போட்ட உப்புக்கல். பனி இறங்காத ஊர்களின் எண்ணிக்கையை வைத்து, பனியில் மட்டும் வரும் குறையை அளக்கிறார்கள். பரிசோதனை நிறுவனமோ வேறு வழியோ குறையைத் தெரிவித்தாலும் செல்லும் என்று அதே பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. சென்னை பக்கத்தில் ஒரகடத்திலேயே வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. அங்கிருந்து யாராவது ஒரு கார்த்திகை மாதம் எங்கள் ஃபேக்டரிக்கு வந்தால் டீ என் செலவு.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வாரண்டி முடிந்துவிட்டதால் புது மீட்டருக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் கேட்டிருந்தார்கள். அதே குறை வாரண்டி காலத்திலேயே பதிவாகியிருக்கிறது என்பதற்கு என்னிடம் ஜாப் கார்டுகள் இருந்தன. "குறை தென்படவில்லை" என்று எழுதிய அதே கார்டுகள்தான். மேல்பாதியில் "வாடிக்கையாளர் சொன்னது" என்ற கட்டத்தில் என் வார்த்தைகளிலேயே எழுத வைத்திருந்தேன். பத்து நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது, மீட்டர் இலவசம் என்றார்கள். இது உரிமை இல்லை, நல்லெண்ணம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்கள். இதுவும் நடக்காமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை.

ஆக மூன்றாவது மீட்டர், மறுபடி பூஜ்யம். ஆயில் மாற்ற நான் இப்போது மூன்று எண்களைக் கூட்ட வேண்டும். மகனிடம் கொடுத்துவிட்டேன், அவனுக்கும் கூட்டல் பழகுகிறது.

நண்பனுக்கு என்ன சொல்வது? நாலு நாள் யோசித்தேன். நாற்பதாயிரம் கிலோமீட்டரில் ஒரு தடவைகூட வழியில் நிற்காத வண்டி. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். கீழே இருப்பவன் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்பேன், பெருமாள்மலைக்காரனுக்கு எப்படிச் சொல்வது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அட்வான்ஸ் கட்டிட்டேன் மாப்ள. சாம்பல் கலர்."

சரி என்றேன். வண்டி வந்ததும் சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து வை, ஒரு தெர்மாமீட்டர் வாங்கு, பனி இறங்கிய முதல் நாளே அந்த இணையதளத்தில் பதிந்துவிடு என்றேன். விழுக்காட்டில் ஒரு ஆள் கூடும்.