தண்டையார்பேட்டை பக்கம் ஒரு குழந்தைங்க கிளினிக்: டோக்கன் மோசம், டாக்டரம்மா சூப்பர்

பாப்பாவுக்கு 14 வார ஊசி போட போனோம், பேர் வேணாம், டோக்கன் சிஸ்டம் சுத்த மோசம், ஒன்றரை மணி நேரம் நின்னே கால் போச்சு, இருக்கறது ஒரே ஃபேன், அதுவும் ரிசப்ஷன் அக்கா தலைக்கு மேல.

ஆனா டாக்டரம்மா வேற லெவல். நிமோகாக்கஸ் ஊசி எதுக்கு மேடம்னு சும்மாதான் கேட்டேன், உக்கார வெச்சு சொன்னாங்க. மூளைக்காய்ச்சல் கொண்டு வர்ற கிருமிங்கள்ல அதுவும் ஒண்ணாம், மேல சர்க்கரைல செஞ்ச உறைய போத்திக்கிட்டு வரும், வெள்ளை அணு பிடிக்கப் போனா வழுக்கிடும். இன்னொரு கில்லாடித்தனம் இருக்கு, மூளைய சுத்தியிருக்கற சவ்வுல வலி நரம்ப சீண்டி விடும், நரம்பு சிஜிஆர்பினு ஒரு கெமிக்கல விடும், அது அங்க காவலுக்கு நிக்கற, கிருமிய முழுங்கற மேக்ரோஃபேஜ்ங்கற செல்ல அடக்கி உக்கார வெச்சிடும். நம்ம வலி நரம்பே கிருமிக்கு கூட்டாளி பாருங்க! 2023ல ஹார்வர்டுல எலிய வெச்சு கண்டுபிடிச்சது. ஊசி போட்டா ஆன்டிபாடி அந்த உறை மேலயே ஒட்டிக்கும், அப்புறம் வெள்ளை அணு லபக்குனு முழுங்கிடும்.

இதே ஊசி கவர்மெண்ட் ஹெல்த் சென்டர்ல 6 வாரம், 14 வாரம், 9 மாசத்துல ஃப்ரீம்மானும் அவங்களே சொன்னாங்க, காசு வாங்கற எடத்துல யாருங்க இத சொல்லுவா? டாக்டருக்கு 5 ஸ்டார், டோக்கனுக்கு 1. பைக் நிறுத்த எடம் கெடையாது, நடந்தே போங்க.